பாடைச் சுழி விழுந்த சின்னக் கிட்டார்

கடைக்காரர் அந்தக் கிட்டாரை என் வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். "வாசிச்சுப் பாருங்க சார், நல்ல கனமான நாதம்" என்றார்.

இடது கை பழக்கத்தில் தானாகப் போய்க் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. வலது கைதான் வரவில்லை. முழங்கை மடங்கும். விரல்கள் ஐந்தும் நன்றாக ஆடும். தோள் மட்டும் எழும்பாது. மேல்கை விலாவோடு ஒட்டிப்போயிருந்தது. பெரிய கிட்டார் என்றால் அதன் வயிற்றுக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டால்தான் தந்தி எட்டும். உடம்பைச் சாய்த்துப் பார்த்தார். கிட்டாரைச் சாய்த்துப் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"எடுத்துடுங்க" என்றார். அவ்வளவுதான்.

திருச்சியில், தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வாத்தியக் கடை. பங்குனி வெயில். எங்களோடு என் அண்ணன் கோவிந்தனும் வந்திருந்தார். சந்தை சந்தையாகப் போய் மாடு வாங்கி விற்கிறவர். அவருக்குக் கிட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் வாங்கினாலும் சரி, பத்தாயம் வாங்கினாலும் சரி, அண்ணன் வந்து தட்டிப் பார்த்தாக வேண்டும்.

கடைச் சுவரில் சரஸ்வதி படம் இருந்தது. காலையில் போட்ட கதம்பம் வாடிப்போயிருந்தது. தாயே, இவர் கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்று இந்தக் கடையில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

நான் கேட்டது கிட்டாரை அல்ல. என் தாலியை.

ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர் என்னைக் கேட்டிருந்தார், பூச்சி மருந்து டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று. வயலில் அப்போது பயிரே இல்லை. நான் கொல்லைக்குப் போய் டப்பாவை எருக்குழியில் புதைத்துவிட்டு வந்தேன். கையைக் கழுவினேன், திருநீறு பூசிக்கொண்டேன்.

மாதக்கணக்கில் அவர் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. சாப்பாட்டை வைத்தால் பாதி இருக்கும். ஆனால் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும்போது வலது கை விரல்கள் மட்டும் நெஞ்சின் மேல் ஆடிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் ஒரு பக்கம் நிதானமாகப் போகும், மற்ற விரல்கள் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். அதைப் பார்த்துத்தான் அண்ணனிடம் சொல்லித் திருச்சிக்குக் கூட்டிவந்தேன். அந்த விரல்களில் மட்டும்தான் அவர் உயிர் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பொன்மலையில் பழகிய விரல்கள்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. பக்கத்து லைனில் டெரிக் சார் என்று ஒரு ஆங்கிலோ இந்தியர் இருந்தார். அதே ஒர்க் ஷாப்பில் பிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாயந்திரம் வீட்டுப் படியில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார்.

சினிமாக் கச்சேரிகளில் தகட்டை வைத்து வரட்டு வரட்டென்று இழுப்பார்களே, அந்த மாதிரி இல்லை. வெறும் விரலால் ஒவ்வொரு தந்தியாக எடுப்பார். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் அடிமையாகக் கிடந்த கறுப்பு ஜனங்களும் அவர்கள் பிள்ளைகளும் பாடிய பாட்டு என்று சொல்லுவார். ஒரு வரி பாடி, அதே வரியைத் திரும்பவும் பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும்.

என் வீட்டுக்காரர் அவரிடம் போய் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், ஒரே வரியை எதுக்கு ரெண்டு தடவ பாடுறாங்க தெரியுமா என்று. எனக்கு என்ன தெரியும்? நான் எட்டாம் கிளாஸ்.

"மொதத் தடவ பண்ணைக்குக் கேக்கட்டும்னு. ரெண்டாந்தடவ நமக்கு" என்றார்.

எனக்கு அந்தச் சங்கீதம் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கட்டைவிரல் போகிற போக்கு, நடவுக்கு இறங்கின பெண்கள் சேற்றில் ஒரே சீராகக் காலைப் பின்னால் எடுத்து வைப்பது போல் இருக்கும். மற்ற விரல்கள் நாற்றை ஊன்றிக்கொண்டே வரும். கால் தப்பினால் நடவு கோணிவிடும். கட்டைவிரலும் அப்படித்தான் என்பார்.

அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நானோ திருவிடைமருதூர் மகாலிங்கசாமியைக் கும்பிடாமல் ஒரு காரியம் தொடங்கமாட்டேன். இதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. கோயில் வாசல் வரைக்கும் கூட வருவார். என் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, நீ உள்ளே போய் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வா என்று வெளியே நிற்பார்.

தோள் போன விதம்

மாமனார் காலமானதும் ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தோம். பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வராமல் இருந்திருந்தால் குத்தகை நிலம் கையை விட்டுப் போயிருக்கும்.

அது அப்படிப்பட்ட காலம். ஆட்சி மாறியிருந்தது. மேடைக்கு மேடை நில உச்சவரம்பு, உழுகிறவனுக்கு நிலம் என்று பேச்சு. குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று வேறு சொன்னார்கள். சட்டம் வந்து சேர்வதற்குள் பண்ணைகள் முந்திக்கொண்டார்கள். சமையல்காரர் பெயரில், கணக்குப்பிள்ளையின் மாமியார் பெயரில், பிறக்காத பேரன் பெயரில் எல்லாம் நிலம் பினாமியாக மாறியது. தலைமுறையாக உழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார்கள்.

எங்கள் பண்ணைக்கு ஏஜெண்டு சபாபதி. வசூல், வரவு, மிரட்டல் எல்லாம் அவர் பொறுப்பு. பண்ணையாரை நாங்கள் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

குறுவை அறுவடைக்கு நின்றது. சபாபதி வெளியூர் ஆட்களையும் லாரியையும் கொண்டுவந்து எங்கள் வயலில் இறக்கினார். என் வீட்டுக்காரர் விதைத்தவன்தான் அறுப்பான் என்று வரப்பில் போய் நின்றார். தடி தோளில் விழுந்தது. அதற்குள் விவசாயிகள் சங்கத்து ஆட்கள் செங்கொடியோடு ஓடிவந்துவிட்டதால் அவர்கள் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நெல் எங்களுக்குக் கிடைத்தது. வயலும் தங்கியது. தோள்தான் போய்விட்டது.

எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போனோம். கட்டை அவிழ்த்தபோது தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. ஏர் பிடிக்க முடியாது, மண்வெட்டி தூக்க முடியாது. ஒரு நாள் பொன்மலையில் வாங்கின பெரிய கிட்டாரை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். கை எட்டவில்லை. அதைப் பரண்மேல் போடச் சொன்னார். அன்றோடு பேச்சும் நின்றது.

மகாலிங்கசாமி கோயிலைச் சுற்றி வந்தால் சித்தம் தெளியும் என்பார்கள். எனக்காக வந்து வெளிப் பிரகாரத்தைச் சுற்றினார். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோயிலுக்குள் கால் வைத்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டவர்தான் இப்படி மறுபேச்சில்லாமல் சுற்றுவார்.

துணிக்குள் இருந்த கிட்டார்

கடைக்கு வருகிறேன்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். ஒன்று இருக்கிறது, ஆனால் சின்னது, பெண்பிள்ளைகள் வைத்து வாசிக்கிற அளவு, வருஷக்கணக்கில் யாரும் வாங்கவில்லை என்றார். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனதாம். உள்ளே போய்ப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்தார்.

பார்த்தால் நோஞ்சான் பிள்ளை மாதிரி இருந்தது. ஒடுங்கின இடுப்பு, தோள் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனால் மடியில் வைத்ததும் அவர் கை எழும்ப வேண்டியிருக்கவில்லை. விலாவோடு ஒட்டியிருந்த மேல்கை அப்படியே இருக்க, முழங்கைக்குக் கீழே உள்ள கை நேராகத் தந்தியின் மேல் போய் விழுந்தது.

முதலில் கட்டைவிரல் மட்டும். தும், தும் என்று. பிறகு ஒரு விரல். அப்புறம் இன்னொன்று.

கடைக்காரர் விவரம் தெரிந்தவர். தகட்டால் அடித்துக் கூட்டத்துக்குக் கேட்க வைக்கப் பெரிய உடம்பு வேண்டும், விரலால் எடுப்பதற்கு இதுதான் சரி என்றார். சின்ன வயிறு, அதனால் லேசாகத் தொட்டாலே பேசுமாம். கழுத்துப் பட்டை கொஞ்சம் அகலம். தந்திக்குத் தந்தி இடம் இருப்பதால் விரல் இடிக்காது. தந்திகளும் தாழ்வாகக் கிடந்தன, அழுத்திப் பிடிக்க வேண்டாம். இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் காதில் எதுவும் விழவில்லை. தலையைக் குனிந்து கிட்டாரின் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"தடிச்ச தந்தி மெல்லிசுத் தந்திய முழுங்கல, ஞானம்" என்றார்.

அவர் என் பெயரைச் சொல்லி எத்தனை நாளாகிவிட்டது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சரஸ்வதி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணனுக்கும் குஷி. "உம்பளச்சேரி மாடு மாதிரி இருக்கு மாப்ள. உடம்பு சின்னது. சேத்துல எறங்குனா நிக்காது" என்றார். கீழ்த்தஞ்சையின் உளைச்சேற்றில் பெரிய மாடு புதைந்துவிடும், உம்பளச்சேரிதான் இழுக்கும். அண்ணன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

பிறகு வழக்கப்படி பரிசோதனை. முதுகில் தட்டினார், ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார், முறுக்காணிகளை மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக ஆட்டினார். கடைக்காரர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முகப்புப் பலகையைப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

அண்ணன் கண்டது

மாடு வாங்குகிறவர்களுக்குத் தெரியும், பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாட்டின் தோலில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்துத்தான் மாடு பிடிப்பார்கள். நல்ல சுழி இருந்தால் குடும்பம் தழைக்கும். கெட்ட சுழி இருந்தால், பல்லும் நடையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொடமாட்டார்கள். அதில் எல்லோரும் பயப்படுவது பாடைச் சுழிக்கு. முதுகுத் தண்டின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக விழுந்திருக்கும். அந்த மாட்டைக் கட்டினவன் பாடையில் போவான்.

கிட்டாரின் ஓட்டைக்குக் கீழே, தந்திக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மரத்தில் இரண்டு கணு. சுற்றிலும் ரேகை சுழித்துச் சுழித்து ஓடியது. கணு விழுந்த பலகை என்பதால்தான் யாரும் வாங்கவில்லை, மற்றபடி நாதத்துக்குக் குறைவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அண்ணன் காதில் அது ஏறவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"வேணாம் பாப்பா. கண்ண மூடிக்கிட்டு வேணாம்னு சொல்லிடு. பாடைச் சுழி."

"மரத்துக்கு ஏதுண்ணே சுழி?"

"இருக்கே. பாத்தியா இல்லியா?"

பார்த்தேன். பார்த்த பிறகு எப்படிப் பார்க்காமல் இருப்பது? புருஷன் உயிரைக் காப்பாற்ற வந்த இடத்தில், அவர் கைக்கு அடங்குகிற ஒரே கிட்டார் பாடைச் சுழியோடு கிடக்கிறது. வேண்டாம் என்றால் பூச்சி மருந்து. வேண்டும் என்றால் சுழி. உள்ளே அவர் வாசித்துக்கொண்டிருக்கும் சத்தம் வாசலுக்குக் கேட்டது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அம்பாள் சொன்னாளா, ஊரில் நடப்பதைப் பார்த்துப் புத்தி அப்படிப் போனதா, தெரியவில்லை.

"சுழி யாரைப் பிடிக்கும்ணே? வேலை வாங்குறவரையா, உடையவரையா?"

"உடையவனைத்தான். ஏர் ஓட்டுற ஆள ஒண்ணும் பண்ணாது."

"அப்ப நான் வாங்கிக்கிறேன். அவங்க வாசிக்கட்டும்."

அண்ணன் என்னை அடிக்காத குறை. பச்சைக் குழந்தை வீட்டில் இருக்கிறதே என்றார். என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாட்டு வியாபாரியின் தோள்பையில் எப்போதும் கிடக்கிற புதுக்கயிற்றை எடுத்தார். சந்தையில் கயிறு கை மாறினால்தான் மாடு கை மாறினதாகக் கணக்கு. அந்தக் கயிற்றைக் கிட்டாரின் கழுத்தில் கட்டி, கடைக்காரர் கையில் கொடுத்து, என் முந்தானையில் போடச் சொன்னார். கடைக்காரர் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். ஆனாலும் சொன்னபடி செய்தார்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பண்ணையாரு நெலத்துக்குப் பினாமி வெக்கிறாரு. நீ என் சாவுக்குப் பினாமி வெக்கிறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காக நான் எதற்கு வேண்டுமானாலும் பினாமியாக இருந்திருப்பேன்.

கயிறு திரும்பப் போனது

வீடு மறுபடி வீடானது. சாப்பிட்டார், பேசினார், சங்கத்துக் கூட்டத்துக்குப் போனார். சாயந்திரம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வாசிப்பார். நடவு முடித்துக் கைகால் கழுவ வருகிற பெண்கள் நின்று கேட்பார்கள். அவர்கள் பாட்டையே கேட்டு வாங்கி, டெரிக் சார் சொல்லிக்கொடுத்த கட்டைவிரல் நடையில் வைத்து வாசிப்பார். என்ன மாமா, எங்க பாட்டு உங்க பொட்டிக்குள்ள போயி அழுவுது என்று ஒருத்தி கேலி செய்தது ஞாபகம் இருக்கிறது. சின்ன உடம்பிலிருந்து வந்த அந்த ஓசை தண்ணீரைத் தாண்டி அக்கரைக்குக் கேட்கும். ஆனால் இக்கரையில் பேசுகிறவர் பேச்சைக் கெடுக்காது.

நான் என் சாவை எதிர்பார்த்துக்கொண்டே வேலைகளைப் பார்த்தேன். தலைவலி வந்தால் அதுதானோ என்பேன். கால் வழுக்கினால் அதுதானோ என்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சாமியிடம் மட்டும், குழந்தை நடக்கிற வரைக்குமாவது பொறுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் வந்தது. கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மருந்து கொடுத்தார்கள், நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. நான் பிழைக்க முயற்சி செய்யவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. விலை பேசிக் கொடுத்தாகிவிட்டது, வந்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கிடந்தேன்.

அவருக்கு அது தெரிந்திருக்கிறது. கொட்டுகிற மழையில் அண்ணனைத் தேடிச் சந்தைக்குப் போயிருக்கிறார், கிட்டாரைக் கோணியில் சுற்றிக்கொண்டு. கயிற்றை மாற்றிக் கொடுங்கள், என் பெயருக்கு என்று கேட்டிருக்கிறார். அண்ணன் முடியாது என்றிருக்கிறார். இதையெல்லாம் நம்பாத உனக்கு எதற்கு மாப்பிள்ளை இந்த வேலை என்றும் கேட்டிருக்கிறார்.

"நான் நம்பல மச்சான். அவ நம்புறா. படுத்த எடத்துல அதையே நெனச்சிக்கிட்டுக் கெடக்கா" என்றாராம்.

சந்தையில் நாலு பேர் பார்க்கக் கயிறு மாறியது. எங்கள் இரண்டு பேர் நட்சத்திரத்தையும் சொல்லி அண்ணன் அவர் நெற்றியில் திருநீறும் வைத்தாராம், அவரும் நின்று வாங்கிக்கொண்டாராம். அந்தத் திருநீற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மழையில் கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

"மாத்திட்டேன். இனிமே பொட்டி என்னுது. நீ எந்திரி" என்றார்.

நான் எழுந்தேன். காய்ச்சல் அதுவாக இறங்கியதா, மருந்து வேலை செய்ததா, சாமி இரங்கியதா என்று பிரித்துப் பார்க்க எனக்குப் படிப்பு போதாது. எழுந்ததும் திரும்பத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு மாட்டை எத்தனை தடவை விற்பது என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

தை அறுவடை

சம்பா நன்றாக விளைந்திருந்தது. தையில் சபாபதி மறுபடி ஆட்களோடு வந்தார். இந்தத் தடவை லாரி இரண்டு. சங்கத்துக்காரர்கள் பாதிப் பேர் வேறு ஊரில் ஒரு தகராறுக்குப் போயிருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

காலை வெயில் ஏறவில்லை. கதிரில் பனி இருந்தது. போகாதீர்கள் என்று நான் வாசலை மறித்து நின்றேன். என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு நடந்தார்.

வரப்பில் நின்றவரை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அறுவடைக்கு வந்திருந்த அண்ணனும் என் பக்கத்தில் நின்றார். என் கண்ணால் பார்த்தேன். தடி தலைக்கு வந்தது. யாராக இருந்தாலும் கை தானாக மேலே போகும். அது யோசித்துச் செய்கிற காரியமா? அவருக்கும் முழங்கை மடங்கியது, விரல்கள் விரிந்தன. தோள் எழவில்லை. முன்னால் அவர்களே உடைத்த தோள்.

லாரி போன பிறகுதான் அவரைத் தூக்க விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கூட்டத்தில் யார் அடித்தது என்று தெரியவில்லை என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்

மூன்றாம் நாளே ஊரில் பேச்சு மாறிவிட்டது. சந்தையில் கயிறு மாற்றியதை நாலு பேர் பார்த்தார்கள் என்றேனே, அந்த நாலு பேர் நாற்பது பேரானார்கள். பாடைச் சுழியைத் தெரிந்தே வாங்கினானாம், வீட்டுக்காரி தலையில் இருந்ததைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டானாம், சொல்லிவைத்த மாதிரி தையில் போய்விட்டானாம். சொன்னவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டேதான் சொன்னார்கள். என் அண்ணனும் சொன்னார். மூலையில் உட்கார்ந்து, நானே கட்டின கயிறு, நானே கட்டின கயிறு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சபாபதி துக்கம் கேட்க வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் வந்தார். திண்ணை ஓரமாக உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"விதி பாரும்மா. பொட்டிக்குச் சுழி சரியில்லையாமே. கருமாதி அன்னைக்கு அத ஆத்துல விட்டுட்டு முழுகு. எல்லாரும் பாக்க விட்டுடு, தோஷம் போயிடும். பண்ணையில நான் பேசுறேன். குத்தகை உன் பேர்லயே இருக்கட்டும். கேஸு கீஸுன்னு அலையாத, பொம்பளப் புள்ளைய வெச்சிருக்க."

அவர் போன பிறகு, ஆற்றில் விட்டுவிடு என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். சுழிதான் கொன்றது என்று நான் ஆற்றில் விட்டுவிட்டால், அடித்தவன் என்று ஒருவன் இல்லை. அதற்குக் கூலி நிலம். இது எனக்கு மட்டும்தான் புரிந்ததா, எல்லோருக்கும் புரிந்து பேசாமல் இருந்தார்களா, அது அவரவர் மனசுக்குத்தான் தெரியும்.

என் கஷ்டம் என்னவென்றால், நான் சுழியை நம்புகிறவள். இன்றைக்கும் சுழி பார்க்காமல் எங்கள் வீட்டில் மாடு பிடிப்பதில்லை. சுழிக்குப் பயந்து என் உயிரைப் பணயம் வைத்தவள் நான். அவர்கள் சொல்வது பொய் என்று ஒரேயடியாகத் தள்ள என் மனசு ஒப்பவில்லை. கருமாதி வரைக்கும் அவர் படத்துக்கு முன்னால் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்து சாமியிடம் இதையேதான் கேட்டேன். 

வீரசோழன் கரையில்

கருமாதிக்கு வீரசோழன் ஆற்றுக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. கரையில் ஊரே நின்றது. சபாபதி எதிர்க்கரையில், கொஞ்சம் ஒதுங்கி, குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

சடங்கெல்லாம் முடிந்தது. அண்ணன் கிட்டாரை என் கையில் கொடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அதைத் தண்ணீரின் மேல் வைத்தேன். மிதந்தது. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா, வைத்த கையை எடுத்தால் போதும்.

அந்த இரண்டு கணுவையும் பார்த்தேன். வெயிலில் நன்றாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. சுழி சாவைக் கூப்பிடும் என்றே வைத்துக்கொள்வோம், கூப்பிட்டதும் வந்தவனுக்குக் கையும் காலும் தடியும் இருந்ததே, அவனுக்குக் கூலி கொடுத்தவர் அதோ குடை பிடித்து நிற்கிறாரே என்று தோன்றியது.

கிட்டாரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினேன்.

அண்ணன் தண்ணீருக்குள் ஓடிவந்தார். "பாப்பா, நெலம் போயிடும்."

"போவட்டும்ணே. சுழி இருக்கட்டும், நான் இல்லங்கல. அடிச்சது சபாபதி கூட்டிட்டு வந்த ஆளு. நான் பாத்தேன். நீயும்தான் பாத்த."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அண்ணன் எதிர்க்கரையைப் பார்த்தார். அவரிடம் மாடு வாங்குகிறவர்கள் எல்லாம் பண்ணை வகையறாதான்.  கடைசி வரைக்கும் அவர் சாட்சி சொல்லவில்லை. நானும் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியாமல் போய்விட்டது, அதுவே பெரிய தண்டனை.

நான் ஒருத்தி மட்டும் சொன்ன சாட்சி எங்கேயும் ஏறவில்லை. குத்தகை வேறு ஒருவர் பெயருக்குப் போனது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் விட்டதும் அந்த வயலில் குறுவை நடவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குச் சோறு வேண்டுமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். கூலிக்கு.